மீன் மார்க் டிரில் மிஷின்

தாமோதரசாமி. பெயரே பிடிக்கவில்லை மருதாசலத்துக்கு. அந்தப் பெயர் காதில் விழுந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை, அதற்குள் அந்த ஆளுக்குச் சுருட்டை முடி, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, வாசலில் நிறுத்திய புல்லட் வண்டி என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. யாரும் கொடுக்கவில்லை, இவரேதான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று இவரே வயிறெரிந்துகொண்டிருந்தார். அவர் குடியிருந்த கணபதிப் பகுதியில் இன்று கரண்ட் இல்லை. மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று பிடுங்கிவிடுவார்கள், சாயங்காலம்தான் வரும். தெருவிலிருந்த லேத்துப் பட்டறைகளும் கிரைண்டர் கம்பெனிகளும் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. மற்ற நாட்களில் அந்த இரைச்சலில் தன் மனசுக்குள் என்ன ஓடுகிறதென்று அவருக்கே கேட்காது, அதுவும் ஒரு சௌகரியம்தான். இன்றைக்கென்று பார்த்து எல்லாம் கேட்டது. வீட்டின் முன்னறைதான் அவருடைய மோட்டார் ரீவைண்டிங் கடை, எரிந்த மோட்டார்களுக்குப் புது வயர் சுற்றிக் கொடுப்பது தொழில். கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் கம்பி வைத்த சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி கோகிலவாணி அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரே ஒரு முக்காலி, அதில் வேறு யாரையும் உட்காரவிடாத மருதாசலம், அவர் முன்னால் மேசையில் அந்த டிரில் மிஷின்.

அவளோடு வந்த மிஷின் அது. கல்யாணச் சீரில், பித்தளை அண்டாவுக்குள்ளே, பழைய சேலைத் துணியில் சுற்றி வந்தது. மில்லில் வேலை பார்த்த மாமனார், மாப்பிள்ளையின் தொழிலுக்கு ஆகுமே என்று எங்கேயோ தேடி வாங்கி வைத்திருக்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார், நினைத்ததோடு சரி. அலுமினிய உடம்பு, கறுப்புக் கைப்பிடி, பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை, கைப்பிடிக்கு அடியில் வார்ப்பிலேயே விழுந்த ஒரு சின்ன மீன். இத்தனை வருஷத்தில் அதை வைத்து எத்தனை சுவரையும் எத்தனை இரும்பையும் துளைத்திருப்பார், அது ஒரு முறைகூட எரியவில்லை. பெரிய பெரிய கம்பெனி மிஷின்களெல்லாம் உள்ளே புகைந்து, சாக்குப்பையில் இவரிடமே வந்து விழும். மீன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. போன மாதம் கார்பன் பிரஷ்ஷைப் பிடித்துவைக்கிற மூடி உடைந்தது, அதிலிருந்து பிடித்தது சனியன். எந்தக் கம்பெனி மூடியும் அதற்குப் பொருந்தவில்லை. செய்தவன் யாரென்று தெரிந்தால் மூடி கிடைக்கும் என்று தேடப் புறப்பட்டார். அப்படித்தான் வீட்டில் சொன்னார். உண்மையில் மூடி ஒரு சாக்கு. அதற்குள்ளே வயர் சுற்றியிருந்த கை யாருடையது என்று தெரிந்தாக வேண்டும், அது அவரை ரொம்ப வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, இது வெளியூர்ச் சரக்கே இல்லை, நம்ம ஊர் வார்ப்பு என்றார். அங்கிருந்து வார்ப்படப் பட்டறை பட்டறையாக அலைந்து, பீளமேட்டில் முன்பு அச்சுக் கட்டிக்கொண்டிருந்த பொன்னுசாமி என்ற பெரியவரின் போன் நம்பர் கிடைத்தது. மீன் படத்தை அவருடைய மருமகள் போனுக்கு அனுப்பி வைத்தார். இன்று காலை பெரியவரே கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மீன நாந்தான் அச்சு வெட்டுனனுங்க. தாமோதரசாமிது. சௌரிபாளையத்துல சின்னதா ஒரு தகரச் செட்டு போட்டு மிஷின் கம்பெனி நடத்துனாப்ல. ரொம்ப நாள் ஓடலை, மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு, ஆளுக்கு யாவாரம் தெரியாது. பாட்டுப் பாடிட்டு வேலை செய்யுவாப்ல. கல்யாணங்கூடப் பண்ணிக்கலை."

"ஏனுங்க, மிஷின் இன்னும் எங்கியாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார் மருதாசலம்.

"எங்க இருக்குது? செட்ட மூடறப்ப கடைசியா நின்ன மிஷின மட்டும் விக்கலை. மனசுக்குப் புடிச்ச ஒரு ஆளுக்குச் சும்மா குடுத்துட்டாருன்னு பேச்சு. அது ஆருன்னா... இருங்க தம்பி, சோத்துக்குக் கூப்படறாங்க. அப்பறம் பேசறன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். மனிதனுக்கு அந்த நேரத்தில்தானா பசிக்க வேண்டும். திருப்பிக் கூப்பிட்டால் மருமகள் எடுத்து, மாமா சாப்பிட்டுப் படுத்துட்டாருங்க என்கிறாள். மனசுக்குப் பிடிச்ச ஆள். சௌரிபாளையம். கோகிலவாணி பிறந்து வளர்ந்த ஊர் எது? சௌரிபாளையம். கடைசி மிஷின் எங்கே இருக்கிறது? இவர் மேசைமேல். எழுந்து ஜன்னலண்டை போய், சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார், குரல்தான் கொஞ்சம் கீச்சிட்டுவிட்டது. "ஏம்மணி, உங்க ஊர்ல தாமோதரசாமின்னு ஆரையாச்சும் உனக்குத் தெரியுமா?" குழவி நின்றது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை, யாருங்க அது என்று கேட்டிருக்கலாம். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தெரியுமுங்க, ஏனுங்க?" என்றாள். அதற்குள் தெருவில் கீரைக்காரம்மா வந்து கூப்பிட, கோகிலவாணி கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தெரியுமுங்க. எவ்வளவு சுலபமாக வந்தது. அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்த ஒன்றை யாராவது கேட்டதும் அப்படி எடுத்து நீட்டுவார்களா, இல்லை ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லை என்பதால்தான் அப்படி நீட்டினாளா. இதில் எது என்று தெரியாமல் இந்த வீட்டில் இனி ஒரு வாய் சோறு இறங்காது என்று பட்டது. ஆனால் பசித்தது. மருதாசலத்துக்குப் பொறாமை வந்தால் பசியும் கூடவே வரும், அது அவர் உடம்பு வாகு.

டிரில் மிஷினைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார். பெண் பார்க்கப் போன அன்று அவள் காபித் தட்டோடு வந்து நின்றது ஞாபகம் வந்தது, ஏன் இப்போது வர வேண்டும். முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு இவர் அவள் கையைத்தான் பார்த்தார். இடது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனியில் மட்டும் செம்பழுப்பாக ஒரு கறை. மருதாணி வைத்துப் பாதி அழிந்திருக்கிறது என்று நினைத்தார், அதுவே ரொம்ப அழகாக இருந்தது, அந்த விரலுக்காகவே சரி என்று சொன்னார் என்றுகூடச் சொல்லலாம். அம்மா உயிரோடிருந்த காலம். பொண்ணு எங்கியாச்சும் வேலை வெட்டிக்குப் போறாளா என்று அம்மா கேட்டதும், ஐயோ இல்லைங்க, பொண்ணு வீட்டோட சரிங்க என்று மாமனார் பதறியதும்கூட ஞாபகம் வந்தது. வீட்டோட சரி. வீட்டோடு இருந்த பெண்ணுக்குச் செட்டு வைத்திருந்தவனை எப்படித் தெரியும்? பாட்டுப் பாடுவானாம். இவர் பாடினால் நாய் குரைக்கும். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லையாம், யாரை நினைத்துப் பண்ணிக்கொள்ளவில்லை? அந்த மருதாணியை அவள் யாருக்காக வைத்துக்கொண்டாள்? போதும் மருதாசலம், அறுபதை நெருங்குகிற வயசில் இதென்ன கூத்து என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவர் உட்காரச் சொன்னார், இருந்தது ஒரே முக்காலி, அதனால் அது போய்விட்டது. இன்னொன்று வந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், கடையில் ஒரு மோட்டாரைச் சுற்றி முடித்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது: "ஏனுங்க, சத்தம் சரியில்லைங்க. வைண்டிங்ல ஒரு காயில் இன்னொண்ணோட ஒட்டியிருக்குது போல." நீ கொழம்பப் பாரு என்று இவர் அதட்டினார். மறுநாளே அந்த மோட்டார் எரிந்து திரும்பி வந்தது. எப்படித் தெரிந்தது இவளுக்கு என்று அப்போது ஆச்சரியப்பட்டதோடு சரி. இப்போது தெரிந்தது. யார் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று தெரிந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, காதைக் கொடுத்துக் கேளு கோகிலா என்று சொல்லியிருப்பான். கோகிலா என்றுதான் கூப்பிட்டிருப்பான். அதன் பிறகு அவள் இந்தக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, இவரும் கேட்டதில்லை. அதுவும் அவனுக்காகக் காத்த மௌனமோ என்னவோ, யார் கண்டது.

இதையெல்லாம்விட மோசம் ஒன்று இருந்தது, அதை நினைக்காமலிருக்கத்தான் மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்கள் அந்த மிஷினைப் பார்த்து, என்னண்ணா இது இத்தனை வருஷமா எரியாம ஓடுது, ஆரு வைண்டிங் என்று கேட்பார்கள். முதல் முறை யாரோ கேட்டபோது, நம்ம வைண்டிங்தான் என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியவில்லை. அடுத்த முறை கேட்டவனுக்கும் அதையே சொன்னார். அப்புறம் கேட்காதவனுக்கும் சொன்னார். அதைக் கேட்டு எத்தனை பேர் தங்கள் மோட்டாரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் துடைத்து கிரீஸ் வைக்கத் திறக்கும்போதெல்லாம், உள்ளே சுழல்கிற ஆர்மேச்சர் உருளையின் காடிகளுக்குள் அந்த வயர் படுத்திருக்கிற ஒழுங்கைப் பார்த்து இவருக்கு நெஞ்சு காந்தும். இவருடைய கை கெட்டிக்காரக் கைதான், ஊரே சொல்லும், இருந்தாலும் இவர் சுற்றினால் காடிக்கு வெளியே வயர் லேசாக மேடு தட்டும். அதில் மேடே கிடையாது. சுற்றி முடித்த வயர்களை நூலால் கட்டி, அந்தக் கட்டின்மேல் வார்னிஷைக் குழம்பாக ஊற்றியிருந்தான், உள்ளே எப்படிக் கட்டினான் என்று ஒரு நாளும் தெரியவிடாமல். சுத்தினா இவன மாதிரி சுத்தணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார், வெளியே நம்ம வைண்டிங்தான் என்பார். தொழிலில் தன்னைத் தோற்கடித்த கை, இப்போது பார்த்தால் வீட்டிலும் தனக்கு முந்தியே வந்து கை நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. எல்லாவற்றிலும் அவன் முதல், இவர் இரண்டாவது. அண்டாவுக்குள் வைத்து, சேலைத் துணியில் சுற்றி, அவனைக் கூடவே கொண்டுவந்து என் மேசைமேலேயே வைத்துவிட்டாளே பாவி. இத்தனை வருஷமும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேனா. வாய்விட்டுச் சொல்லிவிட்டாரோ என்று பயந்து ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் கீரை ஆய்கிற சத்தம்தான் கேட்டது.

திருகாணிகளைக் கழற்றி ஆர்மேச்சரை உருவி எடுத்தார். வயர் கனம் பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஒருவரும் கேட்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கறுத்துப்போன வார்னிஷுக்கு அடியில் நூல் கட்டு மேடாகத் தெரிந்தது. பிளேடை எடுத்தார். எடுத்தபோதே தெரியும், இது தப்பு. ஓடுகிற ஆர்மேச்சரின் நூல் கட்டை அறுத்தால் அடுத்த முறை ஓட்டும்போது வயர் பிய்த்துக்கொண்டு போகும் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். தெரிந்துதான் அறுத்தார். வார்னிஷ் சில்லுச் சில்லாகத் தெறித்தது, நூல் முதலில் பிடிவாதம் பிடித்தது, அப்புறம் டப்பென்று விட்டது. ஆகா என்று ஒரு சந்தோஷம் வந்தது, கேவலமான சந்தோஷம்தான், ஆனால் நன்றாக இருந்தது. இந்தா தாமோதரசாமி, உன் கெட்டிக்காரத்தனத்தை அறுத்துவிட்டேன், இனி உன் மிஷினும் ஊர் மிஷின் மாதிரி எரியும், எரிந்தால் நான் சுற்றுவேன், அப்போது நிஜமாகவே நம்ம வைண்டிங்தான். அந்தச் சந்தோஷம் பீடி பற்றவைக்கிற நேரம்கூட நிற்கவில்லை. இத்தனை காலம் சோறு போட்ட பொருள். வெட்டுப்பட்ட நூலை வார்னிஷோடு உரித்து எடுத்து, மேசைமேல் வைத்து, நகத்தால் சுரண்டினார். எப்படித்தான் கட்டியிருக்கிறான் என்று பார்த்துவிடலாமே, கெடுத்ததுதான் கெடுத்தாயிற்று.

சுரண்டச் சுரண்ட முடிச்சுகள் வந்தன. எல்லோரும் போடுகிற முடிச்சு இல்லை. கட்டுகிறவர்கள் நூலைச் சுற்றிக் கடைசியில் இறுக்கி முடிந்துவிடுவார்கள். இதில் ஒவ்வொரு வயர்க் கொத்துக்கும் ஒரு சுருக்கு விழுந்திருந்தது, விரலில் நூலை வளைத்துப் போட்டு இழுத்த சுருக்கு, பக்கத்திலேயே அடுத்தது, பக்கத்திலேயே அடுத்தது. பூக் கட்டுகிற மாதிரி. எங்கேயோ பார்த்த மாதிரி. சுருக்கு விழுந்திருந்த பக்கமும் சரியில்லை, எல்லாம் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. உன் சரத்துல நான் தொடந்து கட்ட முடியலடி, முடிச்சு எதிர்ப்பக்கமா விழுகுது என்று அம்மா சலித்துக்கொள்கிற குரல் காதுக்குள் கேட்டது. நோட்டாங்கைல பரிமாறாத என்று அம்மா அதட்டி அதட்டி, கோகிலவாணி சோறு போடுவதை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். பூ மட்டும் இடது கைக்குத்தான் வந்தது, அதை யாராலும் மாற்ற முடியவில்லை. மருதாசலம் எழுந்தார். கடைச் சுவரில் அம்மாவின் படம், படத்தில் நேற்றுச் சாத்தி வாடிய மல்லிகைச் சரம். சரத்தின் முனையைப் பிடித்து, காய்ந்த பூவை ஒதுக்கிவிட்டு நூலைப் பார்த்தார். கையிலிருந்த நூலைப் பார்த்தார். மறுபடி சரத்தைப் பார்த்தார். மருதாணி இல்லை. அது மருதாணியே இல்லை. வார்னிஷ். தன் விரலில் அன்றாடம் பார்க்கிற கறையை, கழுவினாலும் போகாத அந்தச் செம்பழுப்பை, ஒரு பெண்ணின் விரலில் பார்த்ததும் மருதாணி என்று நினைத்துவிட்டார். அதுவும் இடது கையில் மட்டும், நூலைப் பிடிக்கிற இரண்டு விரலில் மட்டும். ஒரு வைண்டிங்காரனுக்கு வரக்கூடிய புத்தியா இது. எவனோ எவனோ என்று இத்தனை வருஷம் பொறாமைப்பட்ட கை, சுவருக்கு அந்தப் பக்கம் கீரைக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தது.

"சாப்பட வர்றீங்களா?" கோகிலவாணி வாசல்படியில் நின்றாள். கடைக்குள் வர மாட்டாள், எப்போதும் படிதான். மேசையைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே வந்தாள். ஆர்மேச்சரை இடது கையில் எடுத்து, பெருவிரலை அந்த வெட்டுமேல் ஓட்டினாள்.

"அறுத்துட்டீங்களா."

"நீ சுத்துனதா இது?"

"ஆமாங்க. அந்தச் செட்டுல எல்லாம் நாந்தான் சுத்துனேன்."

"சொல்லவே இல்லையே."

"அப்பாதான் சொல்ல வேண்டாம்னுட்டாரு. பொண்ணு கம்பெனிக்குப் போனான்னு தெரிஞ்சா உங்கம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னு. கல்யாணத்துக்கு அப்பறம் நீங்க கேட்டாச் சொல்லலாம்னு இருந்தனுங்க. நீங்க கேக்கவே இல்லை."

கேட்க ஒன்றுதான் பாக்கி. கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்கவும் வெட்கமாக இருந்தது. "அந்தத் தாமோதரசாமி?"

"மொதலாளிங்க. அண்ணன் மாதிரின்னெல்லாம் சொல்ல மாட்டேன், மொதலாளி. ஆனா நல்ல மனுசன். ஆரு வந்தாலும் என்னயக் கூப்பட்டு முன்னால நிறுத்தி, இது இந்தப் புள்ள சுத்துனது, எரியாதும்பாரு. மூடறப்ப, கடைசியா நான் சுத்துன மிஷின எனக்கே குடுத்துட்டாரு."

மருதாசலத்துக்கு மறுபடியும் பொறாமை வந்தது. இந்த முறை அதில் பொய் இல்லை, கற்பனைச் சுருட்டை முடி இல்லை. கூப்பிட்டு, ஆள் முன்னால் நிறுத்தி, இவள் சுற்றியது என்று சொல்லியிருக்கிறான் அந்த மனுஷன். இவர் சொன்னதெல்லாம் வேறு. அதை இப்போது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"அம்மணி, இத நாஞ் சுத்துனதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்."

"தெரியுமுங்க," என்றாள், ஜன்னலைப் பார்த்து. "கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்."

கீரைக் குழம்பின் மணம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. அவள் ஆர்மேச்சரை மேசைமேல் உருளாமல் வைத்து, உரித்துப் போட்டிருந்த நூலை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "வயருக்கு ஒண்ணும் ஆகலை. கட்டு மட்டுந்தான். மறுபடி கட்டிக்கலாம்." மருதாசலம் துண்டை எடுத்து முக்காலியைத் துடைத்தார், இழுத்து அவள் பக்கமாகப் போட்டார். கோகிலவாணி அதைப் பார்த்தாள்.

"மொதல்ல சாப்படுங்க. சாப்பட்டுட்டு உக்காந்துக்கறேன்."